கொடி இறங்குமுன் பாடிய ஒப்பாரி

மச்சான்,

இன்று காலை மழை விட்டதும் உன் ஆர்மோனியப் பெட்டியை வெயிலில் வைத்தேன். மூடியைத் திறந்ததும் அரிதார வாசனை. தேங்காயெண்ணெயில் குழைத்த அந்த வெள்ளைப் பவுடரும் உன் வெற்றிலையும் கலந்த வாசனை. துருத்தித் தோலைக் கரப்பான் அரித்துவிட்டது. அழுத்தினால் காற்றுதான் வருகிறது, சுரம் வரவில்லை. வாசனை கோலா சிலாங்கூர் கடைத்தெரு வரை போனது என்று எழுதலாமென்று பார்த்தேன். நீ இருந்தால் பெட்டி மூடியை ஒரு தட்டுத் தட்டியிருப்பாய். நான் நீட்டும்போதெல்லாம் தட்டுவாயே, அந்தத் தட்டு. "மச்சான், அளக்காத."

பெரிய சண்டை முடிந்த பிறகு ஒரே கப்பலில் இந்தச் சீமைக்கு வந்தவர்கள் நாம். எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் எனக்குப் பள்ளிக்கூடம். ஆனால் இந்த ரப்பர்த் தோட்டத்தில் பெண்வேடம் கட்ட என்னை விட்டால் ஆளில்லை. நான் சேலை கட்டி நடந்தால் துரையின் குதிரையே நின்று பார்க்கும். தட்டாதே, குதிரை நின்றது நிஜம். நீ எழுதிய நாடகத்தில் நான் தாய், நீ மகன். கப்பலேறிப் போன மகன் கை நிறையச் சம்பாதித்து ஊர் திரும்புகிறான். தாய் செத்துக் கிடக்கிறாள். அவன் அழுது பாடுகிறான். அவ்வளவுதான் கதை.

அதைப் போய் மாரியம்மன் திருவிழாவில் போட்டோமே, அதுதான் நம் புத்தி. கொடி ஏறியிருக்கிறது, இறங்கும்வரை அழுகைச் சத்தம் ஆகாது. அந்தப் பந்தலில் நான் பிணமாகக் கிடக்க, நீ பெட்டியை அழுத்தி எடுத்தாய்:

"கப்பலு வந்திருச்சு ஆத்தா, கதவத்
தொறக்க ஆளில்லையே ஆத்தா..."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக் கிடந்தேன். முதலில் விசும்பல். பிறகு பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்து போகும் சத்தம். பிறகு மண்டோரின் குரல். தோட்டத்தில் நம்மை வேலை வாங்குகிறவர், கோயில் தலைவரும் அவர்தான்.

"கொடி எறங்கல, அதுக்குள்ள ஒப்பாரியா? அம்மன் சன்னதியில எழவு கூட்டுறீங்களாடா? எந்திரிடா பொணமே!"

பிணம் எழுந்து ஓடியது. சேலை தடுக்கி விழுந்தும் ஓடியது. அந்த மழைக்காலத்திலேயே லயத்து வரிசை வீடுகளில் காய்ச்சல் வந்து பிள்ளைகள் செத்தன. உன் பாட்டால் வந்த வினை என்றார்கள். கோயில் பஜனையில் உன் பெட்டி சத்தம் கேட்கக்கூடாது என்றார்கள். நீ பெட்டியைச் சாக்கில் சுற்றிக் கட்டிவிட்டாய்.

நான் விடவில்லை. அடுத்த திருவிழாவுக்கு மறுபடி மேடை வாங்கியே தீருவதென்று தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணியாரைப் பிடித்தேன். என் பேச்சில் மயங்கிவிட்டார். சரி, மயங்கவில்லை, சிரித்தார்.

"நாடகத்தில பிழையில்லை, முடிவிலதான் பிழை. அந்தத் தாயைச் சாகடிக்காதேங்கோ. மண்டோரோட நான் கதைக்கிறன்."

பொணம் விழாதென்றால் போடலாம் என்று மண்டோரும் இறங்கி வந்தார். ஓடி வந்து உன்னிடம் சொன்னேன். நீ ரப்பர்ப் பால் வாளி கழுவிக்கொண்டிருந்தாய், நிமிரவில்லை.

"ஆத்தா பொழச்சிருந்தா நாடகம் எதுக்கு மச்சான்? எங்காத்தா செத்த சேதி வந்து சேர்றதுக்குள்ள அங்க கருமாதியே முடிஞ்சிருச்சு. இங்க பாதிப் பேருக்கு அப்படித்தான். யாரு அழுதா? மறுநா பாலுக்கு மரம் வெட்டப் போயிட்டோம். அழுறதுக்கு ஒரு எடம் வேணும்ல?"

"மொதல்ல மேடை வரட்டும்டா. அழுகை எங்க போயிரும்?" என்றேன்.

மேடைக்காக நீ நாடகத்திலிருந்து ஒப்பாரியை நீக்கிவிட்டாய். அந்த இடத்தில் தாயும் மகனும் மாறி மாறிப் பாடும் பாட்டு வந்தது. சாயங்காலங்களில் லயத்துக்குப் பின்னால் ஒத்திகை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசித்தாய். கேட்டால், "சும்மா குளிருது." கொடி ஏறுவதற்கு முன்பே தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைப் பிணமாகத் தூக்கி வந்தோம்.

உனக்கென்று அழ இந்தச் சீமையில் ஒரு பெண் பிறப்பு இல்லை. நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அப்போது மண்டோரின் பெண்சாதி, அன்றைக்குப் பந்தலை விட்டு முதலில் எழுந்து போனவள், மாரில் அடித்துக்கொண்டு எடுத்தாள்: "கப்பலு வந்திருச்சு ஆத்தா..." அத்தனை பெண்களும் அடுத்த அடியைப் பிடித்தார்கள். ஒரே தடவை கேட்ட பாட்டு. பாதியில் நிறுத்திய பாட்டு. மீதி அடிகளைத் தங்கள் ஊர், தங்கள் ஆத்தா பெயர் சொல்லி அவர்களே கட்டிக்கொண்டார்கள். மண்டோர் தடுக்கவில்லை. துண்டை வாயில் பொத்திக்கொண்டு நின்றார்.

திருவிழாவில் நமக்கென்று மேடை போட்டிருந்தார்கள். மகன் இல்லாமல் தாய் யாருக்குக் கதவு திறப்பாள்? நான் சேலை கட்டவில்லை.

பாட்டு தோட்டம் தோட்டமாகப் போய்விட்டது. கெர்லிங்கில் ஒரு சாவில் கேட்டேன். செரண்டாவில் கேட்டேன். "இது என் மச்சான் எழுதுன நாடகப் பாட்டு" என்று அங்கே அழுதுகொண்டிருந்தவளிடம் சொன்னேன். "எழவு வீட்டுலயுமா அளக்குறீங்க மாமா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆயுசெல்லாம் அளந்தவன் நிஜத்தைச் சொன்ன அன்று நம்ப ஆளில்லை. எங்காவது ஒருவர் செத்தால்தான் உன் நாடகம் நடக்கிறது. அதிலும் உன் பெயர் இல்லை.

புது முடிவில் என் அடி மட்டும் என்னிடம் இருக்கிறது. மரம் வெட்டும்போது தானாக வாயில் வரும்: "கதவு தொறந்திருக்கு ராசா, உள்ள வா." அதற்குமேல் உன் அடி. நீ பாட இருக்கிறாயே என்று அதை நான் மனப்பாடம் செய்யவில்லை. அங்கே நிறுத்திவிட்டு நிற்கிறேன். பால் சொட்டுகிற சத்தம்தான் கேட்கிறது.

இதில் குதிரையைத் தவிர எதையும் நான் நீட்டவில்லை மச்சான். பெட்டி வெயிலில் திறந்துதான் கிடக்கிறது. சந்தேகமிருந்தால் ஒரு தட்டுத் தட்டு.