மீன் கிடங்கில் ஆவண ஆலோசகர்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நானும் அப்பாவும், உன் தங்கை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போன பூனையும் நலம். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன், நீயாகச் சொல்வதுதான் இல்லையே. போன மாதம் நீ போன் செய்து வேலை பிடிக்கவில்லை, விட்டுவிடலாமா என்று இருக்கிறது என்றாய். நான் மூச்சுவிடாமல் முதலாவதாக, இரண்டாவதாக என்று அடுக்கினேன். சரிம்மா என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நல்லா இருக்கேன் என்பதைத் தவிர உன்னிடமிருந்து ஒரு சொல் இல்லை. பையனுக்குக் கோபமா என்று அப்பாவிடம் கேட்டேன். கோபமெல்லாம் இல்ல, நீ சுற்றறிக்கை வாசிச்சே, அவன் ஃபைல்ல போட்டுட்டான் என்றார். அவருக்கென்ன, ஓய்வு பெற்ற மனுஷன்.

என் வேலைதான் உனக்குத் தெரியுமே. ஊர் ஊராகப் போய், பழைய ஆவணங்களை எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்று அரசுக் காப்பகங்களுக்குச் சொல்லிவிட்டு, கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டு வருவது. செய்வதெல்லாம் அவர்கள், சொல்வது மட்டும் நான். ஒரு சின்ன ஊர்க் காப்பகத்துக்குப் புது இடம் பார்த்தபோது இந்த அறைதான் சரி என்று கையெழுத்துப் போட்டது சாட்சாத் உன் அம்மா. சுவரை முகர்ந்து பார்த்தேன், தரையைத் தட்டிப் பார்த்தேன், ஈரம் அளக்கும் கருவியை மூலைக்கு மூலை வைத்து பெரிய டாக்டர் மாதிரி தலையை ஆட்டினேன். ஆவண அறைக்கு மேலே தண்ணீர்க் குழாய் இருக்கக் கூடாது என்பது நானே எழுதிய கையேட்டின் முதல் விதி. கட்டட வரைபடத்தில் மாடி காலி என்று போட்டிருந்தது, நம்பிவிட்டேன். வேலை முடிந்ததும் அதே மாடிக்குத்தான் டீ குடிக்கக் கூட்டிப்போனார்கள். ஊழியர்கள் சாப்பிடும் இடமாக அதை மாற்றி, மூலையில் கை கழுவ ஒரு தொட்டியும் குழாயும் வைத்திருந்தார்கள். நான் அதில் நிதானமாகக் கை கழுவி, தண்ணி நல்லா வருதே என்று பாராட்டிவிட்டு வேறு வந்தேன், கண்ணா. என் காலுக்குக் கீழே என்ன அறை இருக்கிறது என்று இந்த மண்டைக்கு உறைக்கவே இல்லை.

அந்தக் குழாய்தான் போன வாரம் விடுமுறை நாளாகப் பார்த்து உடைந்தது. அந்த ஊரின் பிறப்பு, இறப்புப் பதிவேடுகள், பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடுகள் எல்லாம் ஊறிப்போயின. வேறு பிரதியும் கிடையாது. காப்பகத்தைப் பார்த்துக்கொள்கிற பெண், உன் தங்கை வயதுதான் இருக்கும், எனக்குப் போன் செய்தாள். நான் உடனே ஆரம்பித்துவிட்டேன், பதறக் கூடாது, ஈரமான கட்டுகளைப் பிரிக்கக் கூடாது, பிளாஸ்டிக்கில் சுற்றிப் பூசணம் பிடிப்பதற்குள் உறைய வைத்துவிடு, அப்புறம் ஆற அமரக் காயவைக்கலாம் என்று. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மேடம், இதெல்லாம் உங்க கையேட்டுலயே இருக்கு, எனக்கு மனப்பாடம், இப்ப எனக்குப் பக்கத்துல ஒரு ஆள் வேணும், வர முடியுமா என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். அப்பாவை வண்டியை எடுக்கச் சொன்னேன்.

குளிர்கிடங்கு ஒன்றை ஏற்பாடு செய்க என்று கையேட்டில் ஒரே வரியில் எழுதிவிட்டேன், எழுதும்போது கை வலிக்கவில்லை. அந்த ஊரில் இருந்த ஒரே குளிர்கிடங்கு மீன் கம்பெனியுடையது. முதலாளியிடம் போய் நான் அரசு ஆலோசகர் என்று தொடங்கினேன். எனக்கு ஆலோசனை வேணாம்மா, உள்ள எடமே இல்ல என்றார். அந்தப் பெண்தான், ஐயா, உங்க ஊர்ல பொறந்தவங்க எல்லார் பேரும் இதுலதான் இருக்கு என்றாள். அப்ப எங்கப்பா பேரும் இருக்குமே, கொண்டாங்க, கொண்டாங்க என்று அவரே பெட்டிகளை நகர்த்தி இடம் செய்தார். ஈரக் காகிதம் இப்படிக் கனக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை, நானும் யாருக்கும் சொன்னதில்லை. இரவல் ரப்பர் பூட்ஸ் இரண்டும் இரண்டு திசையில் போக, நான் கட்டுகளைச் சுமந்து மீன் பெட்டிகளுக்கு நடுவே அடுக்கினேன். சாப்பிடுகிற பொருள் ஆவணத்தின் பக்கமே வரக் கூடாது என்பது என் இரண்டாவது விதி. அதையும் அப்பா அங்கேயே நின்று நினைவுபடுத்தினார். இதுவரை என்னைச் சட்டை செய்யாத பூனை அன்றிலிருந்து என் பின்னாலேயே சுற்றுகிறது.

முக்கால்வாசி பிழைத்துவிட்டன. குழாய்க்கு நேர் கீழே இருந்த சில கட்டுகள் கூழாகிப் போயின. அந்த அறையைத் தேர்ந்தெடுத்தது யார் என்று துறையில் அறிக்கை கேட்டார்கள். மேற்படி ஆலோசகர் நானே, மேற்படி தொட்டியில் கை கழுவியதும் நானே என்று எழுதி அனுப்பிவிட்டேன். என்ன வருமோ வரட்டும்.

கட்டுகளைச் சுமக்கும்போது அந்தப் பெண் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வந்தாள், தனியாக அந்த அறையோடு மாரடிப்பது, வீட்டில் யாருக்கும் அவள் வேலை புரியாதது, விட்டுவிட்டுப் போய்விடலாமா என்று தோன்றுவது, எல்லாம். நான் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. பெருந்தன்மை ஒன்றும் இல்லை, மூச்சு வாங்கியது. புறப்படும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, இப்பதான் மேடம் மனசு லேசா இருக்கு என்றாள். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் எனக்கு உன் போன் நினைவுக்கு வந்தது. நீயும் என்னிடம் ஆலோசனை கேட்கவில்லை, இல்லையா? எனக்கு அழுகை வந்துவிட்டது. மீன் நாற்றத்தால் கண் எரிகிறது என்று அப்பாவிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை.

உன் பக்கத்தில் வந்து நிற்க இங்கிருந்து வண்டி கிடையாது, கண்ணா. ஞாயிற்றுக்கிழமை போன் செய். வேலையில் இரு, விட்டுவிடு, எதுவானாலும் எனக்குச் சொல், கேட்டுக்கொள்கிறேன். நான் முதலாவதாக என்று ஆரம்பித்தால் போனைப் பிடுங்கிக்கொள்ள அப்பா தயாராக இருக்கிறார். எங்கே இருந்தாலும் உன் மனசு குளிர, நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆசீர்வாதம் என்றைக்கும் உனக்கு உண்டு. உன் கட்டிலுக்கு மேலே மாடியில் குழாய் ஏதாவது போகிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள். இது ஆலோசனை இல்லை.

வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும்
உன் அம்மா