என் மேசையில் சின்னவள்

மார்ச் 3, செவ்வாய்

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. முடக்குவாதம். மூட்டு டாக்டர் அதை ஒரு நல்ல செய்தி போலச் சொன்னார். "ஆரம்பத்துலயே வந்துட்டீங்க." தாமதமாக வருகிறவர்களிடம் என்ன சொல்வார் என்று நான் கேட்கவில்லை.

என் உடம்பே என் மூட்டுகளை அந்நியர் என்று நினைத்துத் தாக்குகிறதாம். கூட்டுக்குடும்பத்தில் வாழ்ந்து பழகியவளுக்கு இதைப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை. அவர் படமும் போட்டார்.

"மாத்திரை வாரத்துக்கு ஒருநாள் மட்டும். சனிக்கிழமைன்னு வச்சுக்குங்க. மறுநாள் ஒரு வைட்டமின்."

"எத்தனை நாளைக்கு டாக்டர்?"

"பல்லு விளக்கறது எத்தனை நாளைக்குன்னு கேப்பீங்களா?"

மருந்து பிடிக்க மூன்று மாதம்கூட ஆகலாம். அதுவரை சின்னத் திருகுகளைத் தொடக்கூடாது. நான் வேறு எதைத் தொட்டிருக்கிறேன்?

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் என் வீட்டுக்காரர் கண் பரிசோதிப்பார். கொழுந்தன் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பான். அவன் பெண்டாட்டி, வீட்டுக்குச் சின்னவள், கவுண்டரில் நின்று "வாங்க" சொல்வாள். லென்ஸைப் பிரேமில் பூட்டி, முகத்துக்கு ஏற்ப வளைத்துக் கொடுக்கும் மேசை என்னுடையது. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து என்னுடையது. எனக்குத் தெரியாது என்பதற்காக இதை எழுதவில்லை. யாருக்கு எது என்று எங்காவது ஒருமுறை எழுதியிருப்பது நல்லது.

மார்ச் 5, வியாழன்

மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் படித்தேன். குமட்டல், வாய்ப்புண், முடி உதிர்தல், கல்லீரல், நுரையீரல். பெரிய நாவல்களில்கூட இத்தனை துன்பம் இவ்வளவு வேகமாக வருவதில்லை. பெரும்பாலோருக்கு இது எதுவும் வராது என்று கடைசியில் ஒரு சமாதானம். அந்தப் பெரும்பாலோரில் நான் எப்போது இருந்திருக்கிறேன்?

மார்ச் 7, சனி

போடவில்லை. நாளை கடை விடுமுறை. எல்லோரும் வீட்டில் இருக்கும்போது வாந்தி எடுப்பது மரியாதையாக இருக்காது.

மார்ச் 9, திங்கள்

காலையில் விரல்கள் மடங்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. யாரோ இரவல் கொடுத்த கை மாதிரி இருந்தது. கடையில் ஒரு திருகு தரையில் விழுந்தது. பிறகு இன்னொன்று. அவர் குனிந்து தேடி எடுத்தார். ஒன்றும் சொல்லாமல் எடுத்ததுதான் பயமாக இருந்தது.

சாப்பிடும்போது சொன்னார். "கொஞ்ச நாளைக்கு நீ கவுண்டர்ல இரு. சின்னவ டேபிள பாத்துக்கட்டும்."

'கொஞ்ச நாள்' என்பதைவிட நீளமான காலத்தை நான் தமிழில் கண்டதில்லை.

பிற்பகலே சின்னவள் என் ஸ்டூலில் உட்கார்ந்தாள். உருண்டை இருக்கை, சுற்றினால் ஏறி இறங்கும் வகை. நான் வந்த புதிதில் என் கால் நீளத்துக்கு ஏற்றி வைத்தது. அதன் பிறகு யாரும் தொடாததால் இறுகிக் கிடக்கிறது. சின்னவளோ பெயருக்கேற்ற உயரம். ஏறி உட்கார்ந்து, ஊஞ்சல் கிடைத்த குழந்தை மாதிரி இரண்டு காலையும் ஆட்டிக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷம்!

மார்ச் 14, சனி

இன்று சின்னவள் யார் உதவியும் இல்லாமல் ஒரு பிரேமைப் பூட்டி முடித்தாள். கொழுந்தன் பின்னறையிலிருந்து வந்து பார்த்து, "சூப்பர்" என்றான். நான் பூட்டிய பிரேம்களை அடுக்கினால் தெருக்கோடி வரை போகும். ஒரு சூப்பர் வந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரையை விழுங்கினேன். பயம் தள்ளிப்போட்டதைப் பொறாமை தொடங்கிவைத்தது.

மார்ச் 15, ஞாயிறு

வாந்தி. சின்னவள் ஓடிவந்து என் கூந்தலை அள்ளிப் பிடித்துக்கொண்டாள். நல்ல பிடி. அதையும் கவனித்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

பஸ்ஸில் ஒரு பெண் போனில் பேசிக்கொண்டே தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தாள், குடித்தாள், மூடினாள். சர்க்கஸ் பார்ப்பது போலப் பார்த்தேன். அவள் தன் கையை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பணக்காரர்கள் இப்படித்தான், இருப்பதே தெரியாமல் செலவழிப்பார்கள்.

வீட்டில் அவர் துண்டைப் பிழிந்தார். அதுவும் தாங்கவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

சின்னவளின் வேகம் கூடிக்கொண்டே போகிறது. என் மாத்திரையின் வேகம்தான் தெரியவில்லை. இருவருக்கும் ஒரே வாரத்தில்தான் பாடம் ஆரம்பித்தது.

மருந்துக் கடைக்காரரிடம் பேச்சுவாக்கில் கேட்பது போலக் கேட்டேன். "வாரத்துக்கு ரெண்டு நாள் போட்டா சீக்கிரம் கேக்குமா?"

அவர் எழுந்தே நின்றுவிட்டார். "அம்மா, வெளையாடாதீங்க. வாரத்துக்கு ஒரு நாள்னா ஒரு நாள்தான். தினமும் போட்டுட்டு ஆஸ்பத்திரில படுத்தவங்க இருக்காங்க. உயிருக்கே ஆபத்து. யாருக்குக் கேக்கறீங்க?"

"பக்கத்து வீட்டம்மாவுக்கு" என்றேன்.

"அவங்களை நேத்துதான் பாத்தேன். அவங்களுக்குச் சர்க்கரைதானே?"

ஏப்ரல் 10, வெள்ளி

பழைய கணக்கு வாத்தியார் லென்ஸ் மாற்ற வந்தார். அவருக்கு வலது காது இடதைவிடக் கீழே இறங்கியிருக்கும். இது கடையில் எனக்கு மட்டும் தெரியும்.

புதிதாக வருபவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இது. பிரேமைக் கண்ணாடித் தட்டில் கவிழ்த்து வை. இரண்டு காதுக்கம்பியும் தட்டில் ஒட்டி நிற்க வேண்டும். ஆடினால் கோணல், நிமிர்த்து. ஆனால் வாத்தியாரின் பிரேமை நான் வேண்டுமென்றே கோணலாக வளைத்திருந்தேன். தட்டில் ஆடும். முகத்தில் நேராக நிற்கும்.

சின்னவள் லென்ஸைப் பூட்டினாள். தட்டில் வைத்தாள். ஆடியது. முகம் சுளித்து, சூடு காட்டி, சிரத்தையாக நிமிர்த்தினாள். மறுபடி வைத்தாள். ஆடவில்லை. திருப்தியாகப் பெட்டியில் போட்டு மூடினாள். வாத்தியாருக்கு அவசரம், போட்டுப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு போனார்.

நான் கவுண்டரிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. தாடையிலும் மூட்டு உண்டு. வலித்தது என்று வைத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 13, திங்கள்

வாத்தியார் வந்துவிட்டார். "என்னம்மா இது, மூஞ்சில சறுக்குமரம் கட்டிவிட்டிருக்கீங்க? என் வீட்டுக்காரி, குடிச்சிருக்கீங்களான்னு கேக்கறா."

இந்த நாளுக்காகச் சனியும் ஞாயிறும் காத்திருந்தேன். சின்னவள் மழுப்புவாள், பிரேம் மேல் பழி போடுவாள், நான் மெதுவாக எழுந்து போவேன் – எல்லாம் தயார்.

அவள் நேராக என்னிடம் வந்தாள். "அக்கா, எனக்கு வரல. நான்தான் கெடுத்துட்டேன் போல. சொல்லித் தாங்களேன்."

இப்படிப் பேசுகிறவர்களை என்ன செய்வது?

"தட்டைப் பாக்காத. மூஞ்சியப் பாரு" என்றேன். ஒரே தடவையில் வளைத்துவிட்டாள். வாத்தியார் கண்ணாடி முன் தலையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். "பெரியவ செஞ்ச மாதிரியே இருக்கு."

மாதிரியே! ஆக, நான் இனி ஒரு அளவுகோல். அளவுகோலுக்கு மரியாதை உண்டு. மேசை கிடையாது.

ஏப்ரல் 25, சனி

மாத்திரை.

மே 6, புதன்

டாக்டர் விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். ரத்தத்தில் குறை ஒன்றும் இல்லை, கல்லீரல் நன்றாக இருக்கிறதாம். எனக்குக் கல்லீரலால் திருகு மாட்டத் தெரியாது என்றேன். சிரித்துவிட்டு அளவைக் கொஞ்சம் கூட்டினார். "பொறுமையா இருங்க."

"என் ஓர்ப்படிக்கு ஆறு வாரத்துல கை வந்துடுச்சு டாக்டர்."

"அவங்களுக்கும் முடக்குவாதமா?"

"இல்ல. அவளுக்கு ஒண்ணுமே இல்ல. அதான் பிரச்சினை."

மே 19, செவ்வாய்

கொழுந்தன் இன்று கடையைச் சாத்தும் நேரத்தில் வெகு பிரியமாக ஆரம்பித்தான். "அண்ணி, நீங்க கவுண்டருக்கு வந்தப்புறம் உள்ள வந்தவங்க யாரும் வெறுங்கையோட திரும்பறதில்ல. பேசாம இதையே நிரந்தரமா வச்சுக்கிட்டா என்ன? அடுத்த மாசத்துலேர்ந்து."

அவர் கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகையைத் துடைத்தார். அது ஏற்கெனவே பளபளவென்று இருந்தது.

சின்னவளின் கால் ஆட்டம் நின்றது. "அக்காவுக்கு முதல்ல குணமாகட்டும். அப்புறம் பேசலாம்."

ஆகா, என்ன பெருந்தன்மை! யாரு மேசைய யாரு யாருக்கு விட்டுக் கொடுக்கறது? நான் கண்ணு எரிய எரிய உக்காந்து கத்துக்கிட்டது. இவ வந்தா, உக்காந்தா, காலை ஆட்டினா, முடிஞ்சுது. எனக்குக் குணமாகலேன்னா? ஆகவே இல்லேன்னா? வாழ்நாள் முழுக்க "வாங்க, உக்காருங்க, என்ன பவர்"? –

வீட்டுக்கு வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி அழலாம் என்று பார்த்தேன். தாழ்ப்பாளைத் தள்ள விரல் வளையவில்லை. கதவை முதுகால் அடைத்துக்கொண்டு அழுதேன்.

மே 23, சனி

மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். போட்டு என்ன ஆகப்போகிறது? சின்னவள் எட்டிப் பார்த்து, "அக்கா, இன்னிக்கு சனி" என்றாள். அவள் ஞாபகப்படுத்தித்தான் போட்டேன் என்று ஆகிவிடக் கூடாதே என்று உடனே விழுங்கினேன்.

ஜூன் 11, வியாழன்

பல் விளக்கி, பற்பசையை மூடி, பாதி வழி வந்து நின்றேன். மூடியை நான் மூடியிருந்தேன். பல்லால் கடிக்காமல், அவரைக் கூப்பிடாமல்.

திரும்பிப் போய்த் திறந்தேன். மூடினேன். திறந்தேன்.

"உள்ள என்ன பண்ற இவ்வளவு நேரம்?"

"மூடியப் பாக்கறேன்."

வெளியிலிருந்து மெதுவாக, "நல்லா பாரு" என்றார்.

ஜூன் 12, வெள்ளி

எல்லோருக்கும் முன்னால் கடைக்குப் போனேன். ஷட்டரைத் தூக்குவதை எதிர்க்கடைக்காரரிடம் விட்டேன். பேராசை வேண்டாம். உள்ளே போய் என் மேசையில் உட்கார்ந்தேன்.

ஒரு பழைய பிரேம், ஒரு திருகு. இடுக்கி நடுங்கியது. முதல் திருகு எங்கோ போயிற்று. இரண்டாவது பள்ளத்தில் நின்றது. சுற்றினேன். பிடித்தது. கடைசிச் சுற்றில் அது இறுகும்போது விரலில் ஒரு சின்ன எதிர்ப்பு வரும். அதுவும் வந்தது.

அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் கவனித்தேன், என் பாதங்கள் இரண்டும் தரையில் சமமாகப் பதிந்திருந்தன.

ஸ்டூல் நான் விட்ட உயரத்திலேயே இருந்தது.

சின்னவள் வந்ததும் கேட்டேன். "ஏன்டி, இத்தனை மாசமா இதை எறக்கவே இல்லையா?"

"உங்க ஸ்டூல்தானே அக்கா."

"கால் எட்டாதே உனக்கு."

"மரத்துப் போகும். அப்பப்ப ஆட்டிக்குவேன். எறக்கிட்டா, நீங்க திரும்பி வரும்போது ஏத்தணுமே? அது வேற இறுகிக் கெடக்கு. உங்க கைக்கு ஆகுமா?"

ஊஞ்சல் என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

என்னைத் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். இப்போது அவள் நல்லவளாக இருப்பதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட வேண்டியிருக்கிறது. வேலை இரட்டிப்பு.

ஜூன் 13, சனி

கொழுந்தன் 'நிரந்தரம்' பற்றிப் பேச வாயெடுத்தான். நான் முந்திக்கொண்டேன். "காலையில எனக்கு விரல் இன்னும் வெறைப்பாத்தான் இருக்கு. மத்தியானம் வரைக்கும் சின்னவ டேபிள்ல இருக்கட்டும். அப்புறம் நான்." அவர் எழுத்துப் பலகையைத் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஒவ்வொரு வரியாகப் படிப்பது போல.

பிற்பகல் இரண்டு பிரேம் பூட்டினேன். சின்னவள் அதே நேரத்தில் ஐந்து பூட்டுவாள். எண்ணாமல் இருக்க முயன்றேன்.

மற்றவர்கள் வெளியே நின்று ஷட்டரை இறக்கக் காத்திருந்தார்கள். பை எடுக்க மறந்துவிட்டேன் என்று சொல்லி உள்ளே போனேன். ஸ்டூலின் இருக்கையைப் பிடித்துச் சுற்றினேன். அசையவில்லை. இரண்டு கையும் வைத்துச் சுற்றினேன். கிறீச்சென்று கத்திக்கொண்டு இறங்கியது. அவள் கால் தரையில் படும் அளவுக்கு, உத்தேசமாக.

"அக்கா, பை கெடைச்சுதா?"

"கெடைச்சுது, வர்றேன்."

மணிக்கட்டு வலித்தது. மாத்திரை போட்டாயிற்று.