கடைசிக் கவளம்

மலைப்பண்ணை
அக்டோபர் 3

அன்புள்ள டோன்ச்கா அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் நலமா? நான் ஜெர்மனியிலிருந்து திரும்பி எட்டு மாதமாகிறது. கீழே ஊரிலிருக்கும் நீ இன்னும் ஒருமுறைகூட மலையேறி வரவில்லை. அப்பாவின் அடக்கத்துக்கு நான் வராத கோபம் ஆறவில்லை போலிருக்கிறது.

வேட்டை உரிமம் வந்துவிட்டது. அப்பாவின் துப்பாக்கி அடுப்புக்கு மேல் அதே ஆணியில்தான் தொங்குகிறது. போன வாரம் மூன்று ஆடுகளை ஏதோ அடித்துப்போட்டது. வேட்டைச் சங்கத்துக்குச் செயலாளர் நீதானே, இங்கே எதைச் சுடலாம், எதைச் சுடக்கூடாது என்று எழுதி அனுப்பு. போனில் சொன்னால் மறந்துவிடுவேன்.

உன் தம்பி
லோய்சே

அக்டோபர் 7

தம்பி லோய்சேவுக்கு,

கோபம் ஆறவில்லைதான். உன் கேள்விக்கு வருகிறேன்.

காட்டுப்பன்றியைச் சுடலாம். மானுக்கு என்னிடம் சீட்டு வாங்க வேண்டும். நரிக்கு இப்போது தடையில்லை. கரடி வருஷத்துக்குச் சங்கம் முழுவதற்கும் ஒன்றுதான், அது உனக்கில்லை. ஓநாய் பக்கம் துப்பாக்கியைத் திருப்பவே கூடாது, உன் ஆடுகளை அதுவே தின்றிருந்தாலும். இளம் ஓநாய் தூரத்தில் நரி மாதிரியே தெரியும். சந்தேகம் வந்தால் சுடாதே.

பன்றியோ மானோ விழுந்தால் தொப்பியைக் கழற்றிவிட்டு, அதன் வாயில் ஃபிர் மரக்கொப்பு ஒன்றை வை. அப்பா வைப்பாரே, கடைசிக் கவளம். நரிக்கெல்லாம் வைத்துத் தொலைக்காதே, சங்கமே சிரிக்கும்.

டோன்ச்கா

அக்டோபர் 21

அக்கா,

பத்தொன்பதாம் தேதி காலையில் ஒரு நரி. தொழுவத்துக்குப் பின்னால் புதைத்துவிட்டேன். பதிவேட்டில் எழுதிக்கொள்.

லோய்சே

அக்டோபர் 29

லோய்சே,

பக்கம் பக்கமாக எழுதுகிறவன் மூன்றே வரி எழுதியபோதே எனக்கு என்னவோ போலிருந்தது.

நேற்று சங்கத் தலைவர் ஃபிரான்ஸின் நாய் உன் தொழுவத்துக்குப் பின்னால் மண்ணைக் கிளறியிருக்கிறது. நீ புதைத்ததன் வாயில் கொப்பு நீட்டிக்கொண்டிருந்ததை மட்டும் பார்த்தாராம், திரும்ப மூடிவிட்டாராம். "ஏம்மா டோன்ச்கா, ஒந்தம்பி நரிக்கெல்லாம் தொப்பியக் கழட்டுறானாமே! ஜெர்மனில அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்று கேட்டார். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் வந்து தோண்டிப் பார்க்கமாட்டேன். பார்த்தால் வனத்துறைக்கு எழுதிக்கொடுக்க வேண்டியவள் நானாகிவிடுவேன். பதிவேட்டில் அந்த வரி காலியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் என்ன எழுதட்டும் என்று சொல். நீ நரி என்றால் நரி என்றே எழுதுவேன். அதற்குப் பிறகு உனக்குக் கடிதம் எழுத என்னால் முடியாது.

டோன்ச்கா

நவம்பர் 2

அன்புள்ள அக்கா,

ஓநாய் என்று எழுது. பெண், ஒரு வயதுகூட இருக்காது.

சத்தியமாக நரி என்று நினைத்துத்தான் சுட்டேன். கிட்டே போய்ப் பாதத்தைப் பார்த்ததும்தான் தெரிந்தது. புதைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் வெறும் வாயோடு மண்ணைத் தள்ள மனம் வரவில்லை. அப்பாவுக்குத்தான் ஒரு பிடி மண்கூடப் போடவில்லை. இதற்காவது செய்வோம் என்று தோன்றியது.

இன்று காலை வனத்துறை அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உரிமத்தையும் துப்பாக்கியையும் வாங்கிக்கொண்டார்கள். வழக்கு வருமாம், வரட்டும். அப்பாவின் துப்பாக்கி போய்விட்டதே என்று மட்டும் திட்டாதே.

பதினோராம் தேதி மார்ட்டின் திருநாளுக்கு வாத்து வறுக்கிறேன். அத்தானையும் கூட்டிக்கொண்டு வா. அடுப்புக்கு மேலே ஆணி காலியாகத்தான் இருக்கிறது. வந்தால் உன் கோட்டை அதில் மாட்டிக்கொள்ளலாம், சீக்கிரம் காய்ந்துவிடும்.

உன் தம்பி
லோய்சே