இப்பத்தான் குடிச்சேன்

மாகறல்
4.9.2024

சுகிர்தா அக்காவுக்கு,

முதலில் ஒரு புகார். செல்போனை அணைத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, "அவசியம்னா கடிதம் போடு" என்று தரங்கம்பாடிக்குப் போய்விட்டீர்கள். ஸ்டாம்ப் வாங்க உத்திரமேரூருக்கு பஸ் ஏறுகிற ஒரே மனநல ஆலோசகன் நானாகத்தான் இருப்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன். யாரும் வருவதில்லை. நீங்கள் போன முதல் வாரம் வந்தார்கள். இப்போது சர்ச்சுக்குப் பக்கத்து நம் அறையில் நானும் மின்விசிறியும்தான். நான் ஒன்றும் தப்பாகச் செய்யவில்லை. நீங்கள் பாயில் உட்கார வைத்துப் பேசுவீர்கள். நான் நாற்காலி போட்டேன். பேசுவது வெளியே போகக் கூடாது என்று கதவைச் சாத்தினேன். ஆளுக்கு ஐம்பது நிமிடம். படித்தபடி, சுத்தமாக.

ஆள் குறையத் தொடங்கியதும் நானே காலனிக்குப் போனேன். முதலில் செங்கேணி வீடு. ஊர்த்தெரு வழியாக பைக்கில் போனதற்காக மகன் அடி வாங்கியதிலிருந்து அந்த அம்மாவுக்குத் தூக்கமில்லை என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். நன்றாகத்தான் பேசினார். டீ கொடுத்தார். சிகிச்சைக்கு வருகிறவர்களிடம் எதையும் வாங்கிக்கொள்ளக் கூடாது என்பது நம் படிப்பில் அடிப்படை விதி. அதைச் சொன்னால் மனசு நோகும் என்று, "இப்பத்தான் குடிச்சேன்" என்று நாசூக்காகச் சொல்லிவிட்டு வந்தேன். அம்முலு வீட்டிலும் அப்படியே. அதற்குப் பிறகு ஒருவர்கூட இந்தப் பக்கம் வரவில்லை.

இப்படியே போனால் அறையை மூட வேண்டியதுதான். ஓய்வெடுத்தது போதும், அக்கா. இந்த மாதக் கடைசிக்குள் வந்து சேருங்கள்.

எரிச்சலோடும் அன்போடும்,
ஏகாம்பரம்

•

தரங்கம்பாடி
11.9.2024

அன்பு ஏகா,

உன் கோபம் கவரிலேயே தெரிந்தது. ஸ்டாம்பை அறைந்து ஒட்டியிருக்கிறாய்.

"இப்பத்தான் குடிச்சேன்" என்பதை நீ புதிதாகச் சொல்லவில்லை. உன் ஊர் பெருநகரில், உங்கள் நிலத்தில் செங்கேணி நாற்று நட்டிருக்கிறார், அவர் அம்மாவும் நட்டிருக்கிறார். உங்கள் பக்கத்து ஆட்களில் கெட்டவர்கள் எங்கள் வாசலுக்கே வந்ததில்லை. நல்லவர்கள் வருவார்கள், நலம் விசாரிப்பார்கள், டீயை நீட்டினால் சிரித்துக்கொண்டே அதைத்தான் சொல்வார்கள். அவர்கள் போன பிறகு அந்த டீயை ஆறிப்போனபடியே நான் குடித்திருக்கிறேன். அம்மாவுக்குக் கீழே கொட்ட மனசு வராது.

உன் விதி தப்பில்லை. அதை எழுதியவருடைய நாட்டில் ஒரு டம்ளர் டீக்கு இவ்வளவு கதை கிடையாது. அவ்வளவுதான்.

நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். கை நடுக்கம் குறைந்திருக்கிறது. கூடப் படித்தவள் சமைத்துப் போடுகிறாள், கேள்வி கேட்பதில்லை. அறையைப் பூட்டினால் நீ பெருநகர் பஸ்ஸில் ஏறிவிடலாம். நான் அதே ஊர்த்தெருவில் நடந்துதான் வீட்டுக்குப் போகணும். செங்கேணி மகனை அடித்தவர்கள்தான் என் தம்பியையும் அடித்தார்கள். ஆறுதல் சொல்ல வேண்டியவளும் நான், அழ வேண்டியவளும் நான் என்று எத்தனை நாள் ஓட்டுவது?

ஆனாலும் யாரும் வரவில்லை என்று படித்ததும் பரண்மேல் இருந்து பெட்டியை இறக்கிவிட்டேன். 28ஆம் தேதிக்கு டிக்கெட் போட்டாயிற்று. வருகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.
சுகிர்தா

•

பெருநகர்
17.9.2024

அக்காவுக்கு,

நான் சாதி பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி எழுதவே இல்லை என்பீர்கள். எழுதியிருக்கிறீர்கள். காலேஜில் உங்கள் டிபன் பாக்ஸைத் தினமும் காலி பண்ணினவன் நான்.

ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பினேன். அம்மாதான், "உங்கப்பாவும் அப்டித்தான் சொல்லிக்கினு வருவாரு. அதுல இன்னா தப்பு கீது?" என்றாள். அப்பா பாதியில் கை கழுவ எழுந்துவிட்டார்.

நானும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன்.

28ஆம் தேதி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்கிறேன்.

ஏகாம்பரம்

•

மாகறல்
22.9.2024

அக்காவுக்கு,

நீங்கள் கிளம்புவதற்குள் கிடைக்கட்டும் என்று இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். வராதீர்கள்.

புதன்கிழமை செங்கேணியைத் தேடிப் போனேன். ஏரிக்கரைக் கழனியில் நடவு. வரப்பில் நின்று, தயார் பண்ணிக்கொண்டு போன மன்னிப்பைச் சொல்ல வாயெடுத்தேன். குனிந்த தலை நிமிராமல், "இன்னா சார், இன்னிக்கும் குட்ச்சிட்டுத்தான் வந்தியா?" என்றார். மொத்தக் கூட்டமும் சிரித்தது. அம்முலு சிரித்த சிரிப்பில் கையில் இருந்த நாற்று சேற்றில் விழுந்தது.

இல்லை என்றேன். அப்படியானால் டீ வரும்வரை குந்து என்றார்கள். வந்தது. அவர்கள் குடிக்கிற அதே டம்ளரில் என் முறைக்குக் குடித்தேன். சர்க்கரை அதிகம். இதற்காக நீங்கள் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். செங்கேணியே சொல்லிவிட்டார்: "ஒரு டீ குட்ச்சதுக்கெல்லாம் மால போட மாட்டோம். வெள்ளிக்கெயம எல்லாருமா வரோம். கதவ சாத்துனா திரும்பிப் பூடுவோம். ஆம்பள ஒத்தன் ரூம்ல கதவ சாத்திக்கினு எவ வந்து பேசுவா?"

இது எனக்கு எந்த வகுப்பிலும் தோன்றவில்லை.

நாற்காலிகளை சர்ச்சுக்கே திருப்பிக் கொடுத்தேன். பாய் விரித்தேன். வந்தார்கள். செங்கேணி தன் மகனைப் பற்றிப் பேசினார். அவருக்கு இருப்பது 'மிகையான பயம்' என்று முன்பு நான் முடிவு பண்ணியிருந்தேன். அந்தத் தெருவில் தனக்கும் கால் நடுங்கும் என்று அம்முலு சொன்னார், பிறகு இன்னொருவர், பிறகு எல்லோரும். எதில் மிகை? இனி அந்த வழியாகக் கூட்டமாகவே போவது என்று அவர்களே பேசி முடித்தார்கள். நான் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

கடைசியில், நீங்கள் 28ஆம் தேதி வருகிறீர்கள் என்றேன். யாருக்கும் சந்தோஷமில்லை. உடம்பு தேறிவிட்டதா என்று செங்கேணி கேட்டார். கை நடுக்கம் குறைந்திருக்கிறது என்றேன்.

"கொறஞ்சிக்கீதா, நின்னுக்கீதா?"

உங்கள் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன், குறைந்திருக்கிறது என்றுதான் இருந்தது.

புதன்கிழமை கழனியில் ஒன்று பார்த்தேன். நடுவில் ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பேசாமல் போய் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பக்கத்திலும் இருந்தவர்கள் அவர் பாகத்தையும் சேர்த்து நட்டுக்கொண்டே போனார்கள். சாயங்காலம் அவருக்கும் அதே கூலிதான். யாரும் நன்றி சொல்லவில்லை, யாரும் முகம் சுளிக்கவில்லை. வெள்ளிக்கிழமை உங்களைப் பற்றி செங்கேணி அதைத்தான் சொன்னார்:

"அது இன்னா எங்கள வுட்டுட்டு ஓடியா பூட்ச்சி? வரப்புல குந்திக்கீது. நின்னப்பறம் எறங்கட்டும். அத்தோட பாகத்த நாம நட்டுக்கலாம். நீயுந்தான் குனியணும், தம்பி."

முதல் தடவையாக 'சார்' போய்விட்டது.

அதனால் டிக்கெட்டை கேன்சல் பண்ணுங்கள். இனி ஒவ்வொரு புதனும் நானும் லீவு. ஓயாமல் குனிந்தால் எனக்கும் இடுப்பு பிடித்துக்கொள்ளுமாம், அம்முலு உத்தரவு. முதல் கடிதத்தில் கேட்காததை இப்போது கேட்கிறேன்: எப்படி இருக்கிறீர்கள், அக்கா? மெதுவாக வாருங்கள். பதிலை மட்டும் சீக்கிரம் போடுங்கள்.

குனியப் பழகிக்கொண்டிருக்கும்,
ஏகாம்பரம்

•

தரங்கம்பாடி
26.9.2024

ஏகா,

டிக்கெட்டை கேன்சல் பண்ணிவிட்டேன். நேற்று மத்தியானம் என்னை மறந்து தூங்கினேன்.

செங்கேணியிடம் சொல்: இன்னும் நிற்கவில்லை. வரப்பில்தான் இருக்கிறேன்.

சுகிர்தா