இன் எ குட் வே

குழித்துறை,
புதன்கிழமை.

அன்பு மகள் ஆதிராவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதமே. ஃபோனில் கேட்டால் ஸ்பீக்கரில் மாப்பிள்ளையும் சேர்ந்து கேட்கிறார். அதனால் பெங்களூருக்குத் திரும்பும் உன் கூட்டுக்காரி ஜாஸ்மியிடம் கொடுத்தனுப்புகிறேன். நேந்திரங்காய் சிப்ஸை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, அவள் தண்ணீர் குடிக்க அடுக்களைக்கு வருவாள். அங்கே வைத்து இதை வாங்கிக்கொள். படித்ததும் கிழித்துவிடு.

இங்கே மழை விடவில்லை. அப்பாவுக்கு முட்டுவலி, ஆனாலும் மார்த்தாண்டத்துக் கடைக்குப் போகாமல் இருப்பாரா? பின்வாசல் வரிக்கைப் பலா காய்த்துத் தள்ளுகிறது. தின்னத்தான் ஆளில்லை.

கல்யாணமான புதிதில், மாப்பிள்ளை கண்டிப்பானவர் என்றாய். உடனே "இன் எ குட் வே, அம்மா" என்று சிரித்தாய். ஜாஸ்மியிடம் அர்த்தம் கேட்டேன். நல்ல விதமாகத்தான் என்றாள். பெருமை தாங்காமல் அடுத்த தெரு செல்லத்தாய் வீடு வரை போய்ச் சொன்னேன். பிறகு உன்னை வேலையை விடச் சொன்னார், இன் எ குட் வே. உன் ஃபோனை அவர்தான் திறந்து பார்க்கிறார், அதுவும் இன் எ குட் வே. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினாலும், மீன்கறி ருசித்தாலும் "கொள்ளாம்" என்று ஒரே சொல்லில் நிறுத்துகிறவள் நீ. நல்லதை நல்லது என்று நீ இப்படிச் சத்தியம் செய்து நான் கேட்டதே இல்லை. எனக்குக் கோபம் வருகிறது மக்களே. உன்மேல் இல்லை.

புதுக்குடித்தனத்தில் தலையிடாதே என்று அப்பா என்னை அடக்கிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வேலைக்குப் போகும்போது உன்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவதாகப் போன வாரம் சொன்னாயே, அதற்கும் அதே இங்கிலீஷ்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா பாதியில் கையைக் கழுவிவிட்டார். "நாம போயி கூட்டிட்டு வருவோம்" என்றார்.

சனிக்கிழமை மாப்பிள்ளைக்கு லீவுதானே. காலையில் உன் வாசலில் நிற்போம். நீ ஒன்றும் சொல்லிவைக்காதே. அவர் சிரித்துப் பேசுவார், காப்பி போடச் சொல்லுவார், எனக்குத் தெரியும். அவரை வைத்துக்கொண்டே கேட்பேன்: "மக்களே, எங்ககூட வாறியா?" உடுதுணி எடுக்க வேண்டாம். ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்காதே, ஊருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

முத்தாரம்மன் உன்கூட இருப்பாள். தைரியமாக இரு. நான் கேட்கும்போது மட்டும் இங்கிலீஷில் பதில் சொல்லிவிடாதே.

உன் அம்மா,
சொர்ணம்மாள்