ஹெலன் ஊதாத விசில்

அன்புக் கண்ணு ஹெலனுக்கு,

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒற்றைக் கையால் தாங்கி நிற்பவரும், கம்பி ஆலையின் இரண்டாம் ஷிப்டுக்கு மாமன்னரும், உன்னைப் பெற்றவர்கள் போன பிறகு தோளில் போட்டு வளர்த்தவருமான உன் ஜெரால்ட் சித்தப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் உன் சித்தி கிரேஸும் சுகம், நீ சுகமாயில்லை என்பதும் தெரியும். இங்கே வெயில் எப்படியென்றால் காக்கா செருப்புப் போட்டுக்கொண்டுதான் மின்கம்பியில் உட்காருகிறது.

நீ போனில் அழுததையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்தில் எதிராளி கை லேசாகப் பட்டாலும் நடுவர்கள் நாங்கள் விசில் ஊதிவிடுவோம், தொழில்முறை லீகில் பட்டதா என்று மட்டும் பார்ப்பதில்லை, பட்டதால் வேகமோ நிதானமோ குலைந்ததா என்று பார்ப்போம், குலையவில்லை என்றால் ஆட்டத்தை ஓடவிடுவோம் என்று நீதான் சொல்லிக்கொடுத்தாய். லீக் ஆட்டத்தில் அந்த ஆட்டக்காரி கார்லாவின் இடுப்பில் எதிராளியின் கை பட்டபோது நீ அப்படித்தான் விட்டாய், அவளும் தடுமாறாமல் கூடைக்கு எகிறினாள், இறங்கும்போது கையூன்றி வலது மணிக்கட்டு முறிந்தது. உன் மேலதிகாரிகள் வீடியோவைப் பார்த்து நீ விட்டது சரியென்று சொல்லியும், காலேஜ் மேட்ச்சா இருந்தா அப்பவே ஊதியிருப்பேன், அவ எகிறியே இருக்க மாட்டா, நான் காலேஜுக்கே திரும்பிடறேன் என்கிறாய்.

மே தினத்தன்று காக்களூர் தொழிற்பேட்டைக்கும் எங்கள் ஆலைக்கும் கூடைப்பந்து நடந்தது, அமெரிக்க ரெஃப்ரியின் சித்தப்பா என்று என்னையே நடுவராக நிறுத்தினார்கள். விடுவேனா, முதல் பாதி கல்லூரி முறை, இரண்டாம் பாதி தொழில்முறை என்று அறிவித்தேன். முதல் பாதியில் நான் ஊதிய ஊதலுக்கு சூலூர்பேட்டையில் ரயில் நின்றுவிட்டது. ஃபிட்டர் அன்புசெல்வன், இன்னா அண்ணே, மூச்சு உட்டாகூட ஃபவுலா, நீயே ஊதிக்கினு நீயே ஆடிக்கோ, நாங்க ஊட்டுக்குப் போறோம் என்றான். இரண்டாம் பாதியில் விசிலைப் பையில் போட்டேன், எங்கள் அணி மோகன்ராஜின் பனியனில் பாதி அவனிடம், மீதி ஆந்திரா எல்லை தாண்டிவிட்டது. தொழில்முறை என்றால் அப்படியில்லை என்று கோபிக்காதே, உன் கண் எனக்கு ஏது. ஆனால் கேள், அன்றைக்கு அடிபட்டவன் அன்புசெல்வன் ஒருத்தன்தான், அதுவும் முதல் பாதியில், பக்கத்தில் ஈ காக்கை இல்லாமல் தானாக விழுந்து கணுக்கால் வீங்கியது. யார்மேல் ஊதுவதென்று தெரியாமல் ஓடிப்போய்த் தூக்கினேன்.

இதைப் படித்து உன் மனம் ஆறிவிடும் என்று எழுதவில்லை கண்ணு. ஒரு பெண்ணின் கை முறிந்தது, உனக்கு வலிக்கத்தான் வேண்டும். ஞாயிறு ஆராதனையில் கார்லாவுக்காக ஜெபிக்கும்படி சித்தி கேட்டுக்கொண்டாள். கூடைப்பந்தைக் கண்ணால் கண்டிராத முத்தம்மா அக்கா, யாரு பெத்த புள்ளயோ, சோத்துக்கையாச்சே என்று அழுதுவிட்டாள். பிறகு அவளே எழுந்து, பாஸ்டரே, அத்தப் பாத்துக்கினு நின்ன நம்ம ஹெலனுக்கும் சேத்துப் பண்ணுங்க என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே ஜலதோஷம் பிடித்துக்கொண்டது, மூன்று கைக்குட்டை நனைந்தது.

கல்லூரி ஆட்டம்தான் பிடித்திருக்கிறதென்றால் தாராளமாகப் போ, ஊரைக் கூட்டிப் பெருமையடிப்பேன். பயந்துகொண்டு மட்டும் போகாதே. நடுவர் ஆட்டக்காரரைப் பார்க்க உங்கள் லீக் சட்டம் இடம் கொடுத்தால் கார்லாவைப் போய்ப் பார். வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டு கிடக்காமல் சோறு வடித்துச் சாப்பிடு. கர்த்தர் உன் கால்களுக்கும் கண்களுக்கும் பலம் தருவார்.

மறந்துவிடாதே, அங்கே சனிக்கிழமை உன் ஆட்டம், இங்கே ஞாயிறு விடியற்காலை. நீ களத்தில் நின்றால் நாங்கள் எழுந்து பார்ப்போம். நிற்காவிட்டாலும் அந்த நேரத்துக்கு எழுந்துதான் இருப்போம். போன் பண்ணு, ஒன்றும் பேசாவிட்டாலும் சரி.

என்றும் உன் பக்கமே நிற்கும் நடுவன்,
ஜெரால்ட் சித்தப்பா