திரும்பிப் பார்க்காத மயில்

வாளியைத் திறந்ததும் பூஞ்சை வாடை குப்பென்று அடித்தது. தீபாவளிக் கோலத்துக்காகப் பச்சைச் சாயம் போட்ட அரிசியை ஈரம் போகுமுன் மூடிவிட்டேன். தங்கச்சி, நீ இருந்திருந்தால் ஒரு பிடி அள்ளிக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "இன்னும் ஜில்லுன்னு இருக்குக்கா, மூடாத" என்று சொல்லியிருப்பாய். அத்தனையையும் கொட்டிவிட்டு மறுபடி சாயம் போட்டேன்.

ஈப்போவில் அந்தப் பேரங்காடியின் நடுக்கூடத்தில் வருடாவருடம் நாம் இருவரும்தான் கோலம் போட்டோம். சாக்பீஸால் நீ கோடு இழுப்பாய். நான் அரிசியை நிரப்புவேன். பார்க்க வருபவர்கள் உன்னைக் கலைஞர் என்பார்கள். என்னைக் கூட வந்தவள் என்பார்கள். எனக்குப் பொறாமையே இல்லை என்று எழுதினால் நீயே சிரிப்பாய். "நீ நெரப்பலன்னா என் கோடு வெறும் சுண்ணாம்புதான் லா" என்று சமாதானம் சொல்வாய். நான் நம்பியதில்லை.

போன தீபாவளிக்கு டயாலிசிஸ் முடிந்து, வீங்கிய காலோடு வந்து உட்கார்ந்தாய். மயிலின் கழுத்தை நான் அப்போதுதான் முடித்திருந்தேன். நீலம் பச்சையில் கரைகிற இடத்தில் ஓர் அரிசிகூடப் பிசகவில்லை. நீ கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு உள்ளங்கையால் கழுத்து முழுவதையும் ஒதுக்கித் தள்ளினாய். நான் கத்தினேன்.

"கிறுக்கா ஒனக்கு? ஒன்ன தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிலதான் கொண்டு விடணும்!"

"விடுக்கா. அங்கயும் தரை இருக்கும்ல, கோலம் போடலாம்."

நேராக இருந்த கழுத்தைப் பின்னால் திருப்பி வரைந்தாய். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி நிரப்பினேன். முடித்துவிட்டு எழுந்து பார்த்தபோது கோபம் மறந்துபோயிற்று. யாரோ கூப்பிட்டதுபோல அந்த மயில் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் செய்தது நல்ல வேலை, நீ செய்தது வேறு என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

மாசியில் நீ போய்விட்டாய். போவதற்கு முன் ஆஸ்பத்திரியில், "அடுத்த வருசம் கோடும் நீயே போடுக்கா. கோணலா வந்தாலும் அது ஒன் கோடு" என்றாய்.

போட்டுப் பார்த்தேன். வீட்டுத் தரையில் வரைந்து வரைந்து ஈரத் துணியால் துடைத்தேன். தாமரை வரைந்தால் உன் தாமரை வந்தது, அதுவும் உயிரில்லாமல். கடைசியில் கைப்பேசியில் இருந்த உன் மயிலைக் கட்டம் கட்டிப் பெரிதாக்கி, பேரங்காடித் தரையில் அப்படியே இறக்கினேன். அளவு தப்பவில்லை. நிறம் முன்னைவிடச் சுத்தமாக வந்தது.

பேரங்காடி சூப்பர்வைசர் வந்து பார்த்தார். "அக்கா, போன வருசத்தவிட இதுதான் நல்லாருக்கு லா!" என்றார். சுற்றி நின்றவர்கள் படம் எடுத்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் குறையாகத் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது. கழுத்து திரும்பியிருக்கிறது, மயில் எதையும் பார்க்கவில்லை. இது சரியில்லை என்று தள்ளிவிட ஒரு கை வராதா என்று அவர்கள் கலைந்து போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நானே தள்ளிவிடலாம்தான். தள்ளிவிட்ட இடத்தில் என்ன வரைவது?

என் கை இன்னும் நடுங்கவில்லையடி. ஒற்றை அரிசியைக்கூடச் சொன்ன இடத்தில் வைக்கும். எங்கே வைப்பது என்று சொல்லத்தான் யாருமில்லை.